சராசரி சரிந்தது, நீட்டும் கைகூடவில்லை: கல்லூரியை விட்டு விலகலாமா?

ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவரும், சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிப்பவருமான ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தை காபி எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. தாய் பறிப்புக் காலத்தில் மட்டும் வேலைக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த வாசகி, நீட் தேர்வை இருமுறை எழுதி முதலில் 318, அடுத்து 371 மதிப்பெண் பெற்றிருக்கிறார். கல்லூரியில் முதல் இரண்டு செமஸ்டர்களில் பத்துக்கு 8.4, 8.1 என்று இருந்த சராசரி, மூன்றாம் செமஸ்டரில் 6.3ஆக இறங்கியிருக்கிறது, துணைப்பாடமான அலைடு கெமிஸ்ட்ரி தாளில் ஓர் அரியரும் விழுந்திருக்கிறது. "சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழம் பறித்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி நேராக இன்டர்னல் எழுதப் போனேன். விரலில் இருந்த கறை விடைத்தாளில் ஒட்டியது" என்று எழுதுகிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், "டாக்டர் ஆக வேண்டுமென்றால் டிகிரியில் ஜி.பி.ஏ. குறையவே கூடாது" என்று சொன்னதிலிருந்து, ஜி.பி.ஏ.யை, அதாவது கல்லூரிச் சராசரியை, 8.5க்கு மேல் வைத்திருந்தால்தான் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் மதிப்பு என்று நம்பி, இரவில் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்குகிறார். இதற்கிடையில் ஒரு பயிற்சி மையம் கல்லூரியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு விடுதியில் வந்து சேரச் சொல்லி ரூ.1,40,000 கேட்கிறது. அம்மாவின் நகையை அடகு வைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது. "சராசரியைக் காப்பாற்றுவதா, நீட்டைக் காப்பாற்றுவதா? அப்பாவிடம் என்ன சொல்வது?" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

மதிப்பெண் பட்டியல்களின் நகலையும் நீட் மதிப்பெண்ணைப் பாட வாரியாகவும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தைப் படித்தபோது இருந்த கவலை, அந்தப் பட்டியல்களைப் பார்த்த பிறகு எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டியிருக்கிறது.

ஜி.பி.ஏ. எந்த வாசலில் கேட்கப்படும்?

உங்கள் உறவினர் சொன்னது பொய்யல்ல. அது அவர் இருக்கும் நாட்டுக்குப் பொருந்தும் உண்மை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். 'ப்ரீ-மெட்' என்பது அங்கே தனிப் பட்டம் அல்ல. மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கும் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை எந்தப் பட்டத்தோடும் சேர்த்துப் படித்து முடிக்கும் தயாரிப்புக் காலத்துக்குப் பெயர் அது. 4.0க்குக் கணக்கிடப்படும் ஜி.பி.ஏ.யை மொத்தமாக ஒருமுறையும், அறிவியல், கணிதப் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒருமுறையும் பார்க்கிறார்கள். ஒரு செமஸ்டர் சறுக்கினாலும் அது விண்ணப்பத்தில் தெரியும் என்பதால்தான் அங்குள்ள மாணவர்கள் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறார்கள். அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் அங்கே குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீங்கள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் தேறி, உங்கள் பிரிவுக்கு உரிய குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு தரவரிசையைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண் மட்டுமே. உங்கள் பி.எஸ்சி. சராசரி 9.5ஆக இருந்தாலும் அந்தத் தரவரிசையில் ஓர் இடம்கூட முன்னே போகமாட்டீர்கள், 6.3ஆக இருந்தாலும் ஓர் இடம்கூடப் பின்னே போகமாட்டீர்கள். "நல்ல மார்க் இருந்தால் சீட் தானாக வரும்" என்று உங்கள் அப்பா சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அக்கம்பக்கத்தில் யாராவது டாக்டருக்குப் படிக்கப் போனதை அவர் பார்த்திருக்கலாம். 2017 முதல் அந்த வழி இல்லை.

அப்படியானால் சராசரியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. நீட் வழியாகப் போகாத எல்லா வாசல்களிலும் அதைத்தான் கேட்பார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. சேர்க்கை பொதுவாகப் பார்ட் 3 மதிப்பெண்ணை, அதாவது முதன்மைப் பாடங்களிலும் அலைடு பாடங்களிலும் வாங்கியதை, வைத்தே நடக்கிறது. அதன் பிறகு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுத முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 50 விழுக்காடு போதும். பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராகும் வழிக்கும் இந்தப் பட்டம்தான் அடித்தளம். ஆகவே உங்கள் சராசரி ஒரு கணக்கு, நீட் இன்னொரு கணக்கு. ஒன்றில் வரவு வைத்ததை மற்றொன்றில் எடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், 8.5க்காக இரவு இரண்டு மணிவரை விழித்திருக்க வேண்டிய அவசியம் போய்விடும்.

மூன்றாம் செமஸ்டரில் உண்மையில் நடந்தது என்ன?

"எல்லாமே சரிந்துவிட்டது" என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் செமஸ்டரில் உங்களுக்கு மொத்தம் 23 கிரெடிட் (கிரெடிட் என்பது சராசரிக் கணக்கில் ஒரு தாளுக்கு உள்ள எடை). அதில் அரியர் விழுந்த அலைடு கெமிஸ்ட்ரி 4 கிரெடிட். தேறாததால் அதற்குப் புள்ளி பூஜ்யம் என்று போட்டுத்தான் 6.3 வந்திருக்கிறது. அந்தத் தாளில் நீங்கள் சாதாரணமாகத் தேறி 6 புள்ளி வாங்கினாலே நான்கு கிரெடிட்டுக்கு 24 புள்ளி சேரும். அதை 23ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.04. உங்கள் 6.3 அப்போது 7.3ஐத் தாண்டும். மூன்று செமஸ்டர்களிலும் கிரெடிட் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சராசரி 7.9க்கும் 8க்கும் இடையில் வந்து நிற்கிறது. சரிந்தது ஒரு தாள்; மற்ற தாள்களில் வந்திருப்பது சிறிய தொய்வு மட்டுமே.

இதே கணக்கை முன்னோக்கியும் போட்டுப் பாருங்கள். படிப்பை முடிக்கும்போது 8 வேண்டுமானால், மீதமுள்ள மூன்று செமஸ்டர்களிலும் சராசரியாக 8.05 போதும், அதை நீங்கள் ஏற்கெனவே இருமுறை எடுத்திருக்கிறீர்கள். 8.5 வேண்டுமானால் ஒவ்வொரு செமஸ்டரிலும் 9.05 எடுக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் உழைப்புக்கு ஈடான பலன் எந்த வாசலிலும் கிடைக்காது என்பது என் கருத்து. அரியர் விழுந்ததால் முதல் வகுப்பு போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள், போகாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ரேங்க் பட்டியலில் இடம்பெறுவது முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறியவர்களுக்கு மட்டும்தான். அந்த ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்.

அந்தத் தாளில் இன்டர்னல் 25க்கு 21, வெளித்தேர்வில் 75க்கு 27, மொத்தம் 48. "நாற்பதுக்கு மேல் இருந்தும் ஏன் ஃபெயில்?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய விதிமுறைப் பக்கத்திலேயே விடை இருக்கிறது: மொத்தத்தில் 40 வேண்டும், அதோடு வெளித்தேர்வில் மட்டும் தனியாக 30 வேண்டும். மூன்று மதிப்பெண்தான் குறைகிறது. இப்படிப்பட்ட நிலையில் மறுமதிப்பீடு கேட்பதற்கு முன் விடைத்தாளின் நகலை வாங்கிப் பாருங்கள். தான் எழுதிய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பல்கலைக்கழகங்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருகின்றன. ஆனால் முடிவு வெளியான நாளிலிருந்து குறுகிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் தேர்வுப் பிரிவில் கடைசி நாளைக் கேளுங்கள். மதிப்பெண் கூடாவிட்டாலும், எந்தக் கேள்வியில் வெறும் சமன்பாட்டை எழுதிவிட்டு விளக்கத்தை விட்டீர்கள் என்பது அந்த நகலில் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் நீட் பட்டியலுக்கு வருகிறேன். 371இல் உயிரியல் 262, வேதியியல் 74, இயற்பியல் 35. உயிரியலுக்கு 360, மற்ற இரண்டுக்கும் தலா 180 என்பது நீங்கள் அறிந்ததே. கல்லூரியில் அரியர் விழுந்ததும் வேதியியல். நீட்டில் பாதிக்கும் கீழே நிற்பதும் வேதியியல். இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்று மேலே சொன்னேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் வரவு வைக்கக்கூடிய பாடம் உங்களுக்கு இது ஒன்றுதான். வேதிப் பிணைப்பு, அணைவுச் சேர்மங்கள், வேதிவினை வேகவியல், கரிம வேதியியலின் அடிப்படைகள் ஆகியவை அலைடு பாடத்திலும் வரும், நீட்டிலும் வரும். நீங்களோ, பிடித்த பாடம் என்பதால், தினமும் மூன்று மணி நேரத்தை உயிரியலுக்கே கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை எடுத்து வேதியியலுக்குக் கொடுங்கள். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள்.

பறிப்புக் காலமும் தேர்வுக் காலமும்

நவம்பர், டிசம்பரில் அரபிகா பழுக்கும்போதுதான் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகளும் வருகின்றன. வீட்டுக்கு அந்தக் கூலி வேண்டும். அதைக் குற்ற உணர்ச்சியோடு நீங்கள் எழுத வேண்டியதில்லை, நானும் போகாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பறிப்பு ஒரே சுற்றில் முடிவதில்லை. பழுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, அதே செடிக்கு மீண்டும் வர வேண்டும். எந்த வாரங்களில் கூலி அதிகம் கிடைக்கும் என்பதை உங்கள் அம்மா சொல்வார். அடுத்த ஐந்தாம் செமஸ்டரில் அந்த வாரங்களுக்கு மட்டும் மலை ஏறுங்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய சனி, ஞாயிறு சேலத்திலேயே தங்குங்கள். இன்டர்னல் அட்டவணை செமஸ்டர் தொடக்கத்திலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும் என்பதால், இந்த ஏற்பாட்டை ஆகஸ்டிலேயே வீட்டில் பேசி முடித்துவிடலாம். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முதல் பீரியட்களைத் தொடர்ந்து விட்டால் அது சத்தமில்லாமல் குறையும்.

ரெக்கார்டு நோட்டை மாதக் கடைசியில் ஒரேயடியாக வரைவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அந்தந்தச் செய்முறை வகுப்பு முடிந்த அன்றே வரைந்து கையெழுத்து வாங்கிவிட்டால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உங்களுக்குச் சில இரவுகள் மிச்சமாகும்; செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டரை (மேசையில் வைக்கும் மாதிரியை) அடையாளம் காண்பதும் எளிதாகும். கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது என்கிறீர்கள், சுற்றத்தான் செய்யும். வேதியியல் வரையறைகளைக் கேள்வியும் பதிலுமாக உங்கள் குரலிலேயே போனில் பதிந்து வைத்துக்கொண்டு, கேள்வி முடிந்ததும் நிறுத்தி மனத்துக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நன்றாகப் பதியும் என்பது கற்றல் உளவியலில் பலமுறை நிறுவப்பட்டது.

எளிதான விருப்பப் பாடங்களை எடுத்துச் சராசரியை உயர்த்திக்கொள்ளலாம் என்று சீனியர் சொன்னது பற்றி ஒரு வரி: அவை பார்ட் 4இல் வருபவை, எம்.எஸ்சி. சேர்க்கையில் பார்க்கப்போவது பார்ட் 3. அவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கத்தில் படித்தது நினைவில் நிற்காது. ஆறரை மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குவதையும் பாடத்திட்டத்தில் ஒரு தாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "சில இரவுகளில் எதற்காக இருக்கிறோம் என்று தோன்றுகிறது" என்று ஓரிடத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் அது படிக்கும்படியாகத்தான் இருக்கிறது. அப்படித் தோன்றும் இரவில் விடியும்வரை காத்திருக்காமல் 14416 (டெலிமானஸ்) அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். இரண்டும் அரசின் கட்டணமில்லாச் சேவைகள். தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். விடுதித் தோழி ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கல்லூரியை விட்டு விலகுவது

என் பதில்: விலக வேண்டாம். டி.சி. வாங்கிவிட்டால், பிறகு அதே இடத்தில் மீண்டும் சேர்வது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல. கல்லூரியும் பல்கலைக்கழகமும் அனுமதிக்க வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் இப்போது மாதம் வரும் ரூ.1,000 நின்றுவிடும். மறுபுறம், நீட் எழுதுவதற்கு உச்ச வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம், பட்டம் வாங்கிய பிறகும் எழுதலாம். ஆகவே "இப்போது விட்டால் எப்போதும் இல்லை" என்று அந்தப் பயிற்சி மையம் சொல்வது உண்மையல்ல.

அந்த மையம் நீட்டில் 550 மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னதாம். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தரவரிசைக்கோ மதிப்பெண்ணுக்கோ உத்தரவாதம் தருவது போன்ற வாக்குறுதிகளைத் தடுக்கின்றன. இடையில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. இவை வழிகாட்டு நெறிமுறைகளே தவிர தாமாகவே தண்டிக்கும் சட்டம் அல்ல என்பதால், எதையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூ அசல் சான்றிதழை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்டால் கொடுக்கவே கூடாது. கல்லூரிகளே மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. பயிற்சி மையம் அவற்றைக் கேட்பதற்கே இடமில்லை.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றிக் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்கும் நீட்டில் தகுதி வேண்டும்; குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே உரிமத் தேர்வு என்று நீளும் செலவு அது. நகையை அடகு வைத்துத் தொடங்கக்கூடியதல்ல.

உங்களுக்குள்ள ஓர் உரிமையை விட்டுவிடாதீர்கள்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பிளஸ் டூ முடித்த அந்த ஆண்டுக்கு மட்டும்தான் என்று நீங்கள் நினைத்து, சென்ற முறை விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை நிரப்பாமலே விட்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. முந்தைய ஆண்டுகளில் முடித்தவர்களும் இதில் விண்ணப்பித்து இடம் பெற்றுவருகிறார்கள். இதன் வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. மலையில் அத்தகைய பள்ளிகளும் உண்டு என்பதால், நீங்கள் படித்த இரண்டு பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தானா என்று உறுதி செய்துகொண்டு, தலைமை ஆசிரியர்களிடம், அங்கே படித்ததற்கான போனஃபைடு சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் சமூகத்தைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. மலையாளி பழங்குடியினராக இருந்து இன்னும் சான்றிதழ் வாங்கவில்லை என்றால், அதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். நாளாகும் வேலை, கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

இந்த விவரங்கள் கையில் இருந்தால், மருத்துவச் சேர்க்கையை நடத்தும் மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் சென்ற ஆண்டுகளின் பட்டியலில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். 371க்கும் அதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான், அது வேதியியலில் ஓராண்டு உழைத்துக் கடக்கக்கூடிய தூரமா என்று தீர்மானிக்க முடியும். இந்த மே மாதம் நான்காம் செமஸ்டருக்கும் அரியருக்கும் முதலிடம் கொடுங்கள். தேர்வு நாட்கள் மோதாவிட்டால் நீட்டையும் பழக்கத்துக்காக எழுதலாம். உண்மையான முயற்சியை அடுத்த ஆண்டு மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தூரம் பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், எம்.எஸ்சி. விண்ணப்பத்தை அந்தக் கோடையிலேயே போட்டுவிடுங்கள். நெருங்கிவிட்டீர்கள் என்றால், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டை முழுதாக நீட்டுக்குக் கொடுப்பதில் தவறில்லை. நகையை அடகு வைப்பதா என்று யோசிக்க வேண்டிய காலம் அதுதான், இப்போது அல்ல.

அப்பாவிடம் இந்தப் பட்டியல்களைக் காட்டுங்கள். 6.3 எப்படி 7.3 ஆகும் என்ற கணக்கை அவர் எதிரிலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். பெரிய முடிவைப் பற்றிய பேச்சைப் பறிப்பு முடிந்து கூலி கணக்குத் தீர்ந்த பிறகு, அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்களுக்குப் பேச்சு வராது என்று தோன்றினால், துறைத் தலைவரை ஒருநாள் அப்பாவிடம் போனில் பேசச் சொல்லலாம். அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். விடைத்தாள் நகல் கைக்கு வந்ததும், கேள்வித்தாளோடு சேர்த்து எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.